பஸ்ஸை விட்டு இறங்காத சனிக்கிழமை

போன கிழமை களுபோவில ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பியும் என் நம்பர் நாற்பத்தொன்று. வாங்கில் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தேன். தாதி கதவைத் திறந்து, சிங்களத்தில் உரக்க, "விசிஹத!" என்று கூப்பிட்டார். இருபத்தேழு.

நான் எழுந்து நின்றுவிட்டேன். சும்மா எழுந்து நிற்கவில்லை. குதிகள் இரண்டும் சேர்ந்துவிட்டன, கைகள் தொடையோடு ஒட்டிவிட்டன, தாடை நிமிர்ந்துவிட்டது. மடியிலிருந்த குடையும் கண்ணாடிக் கூடும் கீழே விழுந்து உருண்டன. உண்மையான இருபத்தேழாம் நம்பர்க்காரர் ஒரு வயதான மனிதர். அவர் பயந்துபோய், "அவசரமென்றால் நீங்கள் முதலில் போங்கள் நோனா" என்று வழிவிட்டார். வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குடையைத் தேடினேன். ஐம்பது தாண்டிய, பிரஷர் மாத்திரை போடுகிற ஒரு பெண்பிள்ளை விறைப்பாக நின்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் ஒரு காலத்தில் என் பெயரே அதுதான். இரண்டு வருடம், சனியும் ஞாயிறும், நான் வெறும் விசிஹத.

நான் அப்போது மருதானைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கொட்டாஞ்சேனையில், வேதக் கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு முடுக்கு. பப்பா துறைமுகத்தில் களஞ்சியக் கிளாக்கர். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் பெண்கள், நான் மூத்தவள். போர் நடந்த காலம். நகரத்தில் குண்டு வெடித்தால் அன்று மாலையே எங்கள் முடுக்கில் வீடு வீடாகச் சோதனை வரும். கதவு தட்டும் சத்தத்திலேயே வந்திருப்பது பொலிஸா ஆமியா என்று அம்மா சொல்லிவிடுவார்.

கல்லூரியின் அறிவித்தல் பலகையில் ஒருநாள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இராணுவத்தின் தொண்டர் படைக்குப் பெண் அதிகாரிகளைப் பயிற்றப் போகிறார்களாம். படிப்பை விடத் தேவையில்லை, வார இறுதியில் மட்டும் பயிற்சி. இரண்டு வருட முடிவில் நேர்முகத்தேர்வு, தேறினால் தோளில் ஒரு நட்சத்திரம். அதை முதலில் பார்த்தவள் ருவனி. என் வகுப்புத் தோழி, குருநாகல் பக்கத்துப் பிள்ளை, கல்லூரிக்கு அருகே அறையெடுத்துத் தங்கியிருந்தாள். அவளுக்குத் தமிழ் வராது. நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நீயும் வா. தனியாகப் போகப் பயமாயிருக்கு" என்றாள்.

"எனக்கு ஓடவே வராது."

"எனக்கும்தான். ரெண்டு பேரும் சேர்ந்து ஓடாமலிருப்போம்."

இப்படித்தான் என் இராணுவ வாழ்க்கை தொடங்கியது. நாட்டுக்காக என்று பெரிதாகச் சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக்கூடாது.

விண்ணப்பத்தை வீட்டில் நீட்டியதும் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைக்காமலே வந்தார். "உனக்கென்ன விசரா? பெரியம்மாட பிள்ளைகள் வன்னிக்குள்ள எந்தக் காட்டில இருக்குதுகளோ தெரியா. நீ இங்க காக்கி போடப் போறியா? சனம் என்ன கதைக்கும்?"

பப்பா தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மூண்டு பொம்பிளப் பிள்ளைகள் இருக்கிற வீடு. ஒராள் அந்த உடுப்புக்குள்ள இருந்தா, கதவைத் தட்டுறவன் கொஞ்சம் யோசிப்பான்."

தன் பயத்தை அவர் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை. மன்னாரில் பிறந்து பதினான்கு வயதில் கொழும்புக்கு வந்தவர். அடையாள அட்டையின் பின்பக்கத்தில் பிறந்த இடம் என்று அந்த ஊர்ப்பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் சந்தேகப்பட அந்த ஒரு சொல் போதும்.

பித்தளை பொலிஷின் மணம் உங்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் புளிப்பு. வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீடு முழுக்க அந்த மணம்தான். பெல்ட்டின் பக்கிளைப் பப்பாதான் தேய்ப்பார். என்னிடம் தரமாட்டார், நான் தேய்த்தால் கோடு விழுமாம். அம்மா ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல், என் காக்கிச் சட்டையைச் சோற்றுக் கஞ்சியில் தோய்த்து உலர்த்தியிருந்தார். அது மட்டையைப் போல நின்றது. உடுத்தால் கழுத்து அறுக்கும். அதையே போட்டுக்கொண்டு போனேன்.

பக்கத்து வீட்டு அன்ரி மட்டும் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. அவருடைய மருமகனைப் பிடித்துக்கொண்டு போய் அப்போது எட்டு மாதம்.

சனிக்கிழமை விடியற்காலையில் பப்பா என்னை பஸ் தரிப்பு வரை கூட்டிக்கொண்டு போவார். பக்கத்தில் நடக்கமாட்டார், அரை அடி பின்னால் வருவார். ஏனென்று கேட்டால், "நீ நடக்கிறதப் பாக்க வேணாமா?" என்பார். மீன் கூடைக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். பப்பா அவர்களுக்குத் தலையசைத்துக்கொண்டே வருவார். பதவிப் பெயர்களையெல்லாம் பாடமாக்கியிருந்தார். கிழமைக்கொரு தரம் கேட்பார்: "இப்ப நீ என்ன மகள்? லெப்டினனா?"

"இன்னும் ஒண்டுமில்ல பப்பா. நம்பர் மட்டுந்தான்."

பயிற்சியைப் பற்றிக் கேட்டால் என் தோல்விகளைத்தான் சொல்லமுடியும். வரைபடம் வாசிக்கும் பாடத்தில் ஒரு குழுவைக் குளக்கரைக்குக் கூட்டிப் போகவேண்டிய நான், ஒரு கல்யாண வீட்டின் பின்முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். அவர்கள் எங்களை உட்காரவைத்துக் கொக்கிஸ் பலகாரம் தந்தார்கள். கட்டளைகள் எல்லாம் சிங்களத்தில். வீட்டிலும் நாக்கு "வம, தக்குண, வம" என்றே நடந்தது, இடம், வலம், இடம். முதன்முதலில் அணியை நடத்தும் முறை வந்தபோது, 'திரும்பு' என்கிற கட்டளை வாயில் வரவில்லை. முப்பது பிள்ளைகள் நேரே நடந்துபோய்ச் செம்பரத்தை வேலிக்குள் புகுந்தார்கள். முன்வரிசையில் நின்ற ருவனி ஒரு பூவோடு வெளியே வந்தாள். எங்களைப் பயிற்றிய சார்ஜன் அம்மணியை நாங்கள் ஸ்டாஃப் என்று கூப்பிடுவோம். அவர் மைதானமே அதிரக் கத்தினார்: "விசிஹத! உன்னுடைய குரல் எங்கே? வீட்டில் வைத்துவிட்டு வந்தாயா?"

அதன்பிறகு குரல் வந்தது. கடற்கரைக்குப் போய் அலையைப் பார்த்துக் கத்திப் பழகினேன். இரண்டாவது வருடக் கடைசியில், அணி நடத்தும் இறுதிச் சோதனையில், நானும் இன்னும் இரண்டு பேரும்தான் முதல் தரம்.

அந்தச் சோதனை நடந்த சனிக்கிழமையைத்தான் சொல்ல வந்தேன்.

பப்பா அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கம்பி வேலிக்கு வெளியே, ஒரு மாமர நிழலில் நின்றார். என் குரல் கேட்டதாம். "அவ்வளவு தூரத்துக்கு கேட்டிச்சு மகள்" என்று பஸ்ஸில் ஏறும்வரை நாலைந்து தரம் சொல்லிவிட்டார். கடையில் மீன் வைத்த மாலுப்பாண் வாங்கிப் பையில் வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் அவர், நடுவில் பை. மதியம் இரண்டு மணியிருக்கும்.

பாலத்தடியில் புதிதாக ஒரு சோதனைச்சாவடி முளைத்திருந்தது. மண்மூட்டை, ஒரு பச்சைக் கூடாரம், பத்துப் பன்னிரண்டு ஆமிக்காரர்கள். எல்லோரும் இறங்கவேண்டும், அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்றார்கள். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அப்போது பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் ஒருவன், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம், என் உடுப்பைப் பார்த்துச் சிரித்தான்.

"மிஸ் இன்ன. பஹின்ன ஓன நே."

நீங்கள் இருங்கள், இறங்கத் தேவையில்லை. மரியாதையாகத்தான் சொன்னான்.

நான் பப்பாவைப் பார்த்தேன். இவர் என் அப்பா என்று சொல்வதற்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. பப்பா என்னைப் பார்க்கவில்லை. யாரோ ஒரு பெண்பிள்ளைக்குப் பக்கத்தில் தற்செயலாக உட்கார்ந்திருந்தவர் போல எழுந்து, முன் சீட்டைப் பிடித்து, மற்றவர்களோடு இறங்கிப் போனார். பையைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் நடுவிலிருந்த பை இரண்டு பேருக்கும் சொந்தம் என்று தெரிந்துவிடும் என நினைத்திருக்கலாம்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஜன்னலால் எல்லாம் தெரிந்தது. சிங்களப் பெயர்க்காரர்கள் அட்டையைக் காட்டிவிட்டு மறுபக்கம் போய் நின்றார்கள். எட்டுப் பேரை வேறாக வெயிலில் நிறுத்தினார்கள். பப்பா மூன்றாவது ஆள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்கள். குனிந்து கழற்றினார். கைகளைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். அட்டையைத் திருப்பிப் பார்த்த சிப்பாய் இன்னொருவனைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பின்பக்கத்தை வாசித்தார்கள். பிறகு பப்பாவின் முழங்கையைப் பிடித்துக் கூடாரத்துக்குள் கூட்டிப் போனார்கள். சப்பாத்து இரண்டும் தார் ரோட்டிலேயே கிடந்தன.

மற்றவர்கள் ஏறினார்கள். கொண்டக்டர் கதவைத் தட்டி, "ஹரி, யங்!" என்றான், சரி, போவோம் என்று. பஸ் நகர்ந்தது.

அன்று காலைதான் முப்பது பேரை நான் குரலால் திருப்பியிருந்தேன். அந்தக் குரலால் இப்போது ஒரு பஸ்ஸை நிறுத்த முடியவில்லை. முடியவில்லை என்பதும் சரியில்லை. நான் முயலவில்லை.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு அம்மா என் பக்கத்துச் சீட்டைப் பார்த்து, "இது யாருடைய பை?" என்றார். உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் சொந்தக்காரரில்லாத பை என்றால், குண்டென்று பயந்து பஸ்ஸே காலியாகிவிடும். இரண்டு மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். கொண்டக்டர் என்னைப் பார்த்தான்.

"மகே" என்றேன். என்னுடையது.

பையை என்னுடையது என்று சொல்ல வாய் வந்தது.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "பப்பா எங்க?" என்றார். பின்னால் வருகிறார் என்றேன். ஐந்து மணிக்குத்தான் உண்மையைச் சொன்னேன். அம்மா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அடிக்கவில்லை. தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஆமிக்காரரோடு கதைக்கச் சுவாமியாரைக் கூட்டிவரக் கோயிலடிக்கு ஓடினார். அதற்கு வேலை இருக்கவில்லை. ஏழு மணிக்குப் பப்பா தானாகவே வந்தார். காலில் சப்பாத்து இருந்தது, லேஸ் இல்லை. முகம் கழுவி, பிளேன்டீ கேட்டுக் குடித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நீ இறங்காம இருந்தது சரி. இறங்கியிருந்தா உன்ர பேரும் எழுதியிருப்பாங்க. ரெண்டு வருஷம் வீணாப் போயிருக்கும். ஒரு ஒஃபிசர் அப்பிடித்தான் இருக்கோணும்."

அவர் ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவர் பாராட்டினார். மேசையில் மாலுப்பாண் அப்படியே இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ருவனியிடம் சொன்னேன். மைதானத்தின் ஓரத்தில் சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "நானென்றால் கத்தியிருப்பேன்" என்றாள். வேண்டுமென்று குத்தவில்லை, அவள் குணம் அது.

"ஓம். நீ கத்தலாம்" என்றேன்.

அவள் கை நின்றது. பிறகு என் மற்றச் சப்பாத்தின் லேஸை அவளே கட்டிவிட்டாள். எங்கள் நட்பில் அதுவரை இல்லாத ஒன்று அன்று நடுவில் வந்து உட்கார்ந்தது. ஆனால் அவள் அதைத் தாண்டி வர முயன்றாள். அதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

ஒன்றரை மாதத்தில் நேர்முகத்தேர்வு. பப்பா பக்கிளைத் தேய்த்தார். அம்மா கஞ்சி போட்டார். அதற்கு நிரப்பவேண்டிய விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: குடும்பத்தில் எவரேனும் பாதுகாப்புப் படையினரால் விசாரிக்கப்பட்டதுண்டா? "இல்லை எண்டு எழுது. என்னை எங்கயும் பதிஞ்சு வைக்கேல்ல, விட்டுட்டாங்க" என்றார் பப்பா. அப்படியே எழுதினேன்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் நரைத்த மீசைக்காரர், தன்மையாகக் கதைத்தார். என் சிங்களத்தைப் பாராட்டினார். முதல் தரம் வாங்கியதைச் சொல்லிச் சிரித்தார். எல்லாம் நன்றாகப் போயிற்று. கடைசியில், வெறும் சம்பிரதாயத்துக்காக, விண்ணப்பத்தைப் பார்த்து அந்தக் கேள்வியைத் திரும்ப வாசித்தார். "யாரையும் விசாரித்ததில்லை, அப்படித்தானே?"

"என் அப்பாவை, சர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். யூனிஃபோமில் இருந்தேன். அவர் என் அப்பா என்று சொல்லவில்லை."

பக்கத்தில் இருந்தவர் பேனையைக் கீழே வைத்தார். நரைத்த மீசைக்காரர் விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பினார். "மகள், விண்ணப்பத்தில் இல்லை என்று இருக்கிறது. இங்கே சொல்லவேண்டிய அவசியம் என்ன?"

"அன்றைக்குச் சொல்லவில்லை, சர்."

அவர் ஏதோ எழுதினார். போகலாம் என்றார். சல்யூட் அடித்துத் திரும்பினேன். சரியாகத்தான் திரும்பினேன்.

வீட்டில் சொன்னபோதுதான் பப்பாவுக்குக் கோபம் வந்ததை நான் முதன்முதலில் பார்த்தேன். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏன் சொன்ன? ஏன் சொன்ன எண்டு கேக்கிறன்! அந்த வெயில்ல பெத்த பிள்ளையைத் தெரியாத மாதிரி நிண்டனே, எதுக்கு? நீ அங்க போய் அதையே சொல்லுறதுக்கா?"

என் மனம் ஆற வேண்டும் என்று நான் பேசிய அந்த நாலு வார்த்தையில், அவர் எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்ததெல்லாம் வீணாகிவிட்டது. அதை அந்த நிமிடம் வரை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

கடிதம் மூன்று வரியில் வந்தது. தெரிவு செய்யப்படவில்லை. காரணம் எழுதியிருக்கவில்லை. நான் சொன்னதாலா, மன்னாராலா, கல்யாண வீட்டுப் பின்முற்றத்தாலா, இன்றுவரை தெரியாது.

பப்பா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை விடியற்காலையில் சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தேன். முகம் கழுவி, சேட் போட்டு, வாசலில் தயாராக நின்றார். என்னைக் கண்டதும்தான் அவருக்கு நினைவு வந்தது, இனிப் பஸ் தரிப்புக்குப் போகத் தேவையில்லை என்று.

"சரி, வெளிக்கிட்டாச்சு. வா, ஒரு நடை நடந்துட்டு வருவம்" என்றார்.

துறைமுக மதில் வரை நடந்தோம். இந்த முறை பக்கத்தில் நடந்தார்.

ருவனி தெரிவானாள். வடக்கே அனுப்பினார்கள். அங்கிருந்து எனக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டாவது கடிதத்தில், ஒரு சோதனைச்சாவடியில் பெண்களைச் சோதிக்கும் பிரிவுக்குத் தான் பொறுப்பு என்று எழுதியிருந்தாள். "பஸ் வந்து நின்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிடம் முதலில் நான் கேட்பது, உங்களோடு வந்தவர் யாராவது கீழே நிற்கிறார்களா என்றுதான். இருக்கிறார் என்றால் அவரை முதலில் விடச் சொல்கிறேன்." மூன்றாவது கடிதம் வரவில்லை. அவள் ஊர் விலாசத்துக்கு எழுதிப் பார்த்தேன். பதில் இல்லை. அந்த விலாசமும் வீடு மாறிய குழப்பத்தில் எங்கோ போய்விட்டது. பத்திரிகைகளில் போரில் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் வந்த நாட்களில் நான் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பாமல் விட்டேன்.

பப்பா ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மாலையில் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது, துணிந்து கேட்டேன். "பப்பா, அண்டைக்கு அந்தக் கூடாரத்துக்குள்ள என்ன கேட்டாங்க?"

பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "பேர் கேட்டாங்க. ஊர் கேட்டாங்க. ஆரோட வந்த எண்டு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தனிய வந்தனான் எண்டு சொன்னன்."

"அஞ்சு மணித்தியாலமும் அதையா கேட்டாங்க?"

பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மிச்சத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவர் இறந்து இப்போது பன்னிரண்டு வருடம்.

நாங்கள் பயிற்சி செய்த மைதானத்தில் இன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. பாலத்தடியில் மண்மூட்டை இல்லை, கூடாரம் இல்லை, பஸ்கள் அங்கே வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. ரோட்டை அகலமாக்கியபோது அந்த ஓரத்தையும் சேர்த்துத் தார் போட்டுவிட்டார்கள். பப்பா சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்ற இடத்தை, நடந்துபோனால், இன்னும் அடி பிசகாமல் காட்டுவேன் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். போன வருடம் ஒருநாள் அதற்காகவே போய் இறங்கினேன். இடப்பக்கமா வலப்பக்கமா என்றே தெரியவில்லை.